சர்பத்துக்கு ஓர் இடம்

தண்டையார்பேட்டை மதார் சாகிப்பிடம் ஒரு குதிரை இருந்தது என்று சொன்னால், கேட்கிறவர்கள் ஜமீன் என்றும் கிண்டி ரேஸ் என்றும் எங்கெங்கோ போய்விடுகிறார்கள். அப்படி ஒரு மண்ணும் இல்லை. அவர் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். முகூர்த்த நாட்களில் மட்டும் குதிரைக்காரர். மாப்பிள்ளையை வெள்ளைக் குதிரையில் ஏற்றி, முன்னால் டிரம் செட்டை அடிக்கவிட்டுத் தெருவை அடைத்துக்கொண்டு போனால்தான் கல்யாணம் என்று நம்புகிற குடும்பங்கள் வடசென்னையில் இன்னும் நிறைய இருக்கின்றன. காரில் போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டுப் பாருங்கள், மாப்பிள்ளையின் தாய்மாமன்கள் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வருவார்கள்.

குதிரையின் பெயர் சர்பத். குட்டியாக வீட்டுக்கு வந்த வருஷம், நோன்பு திறப்பதற்காக அவர் மனைவி ஷம்ஷாத் கரைத்து வைத்திருந்த நன்னாரி சர்பத் குண்டாவுக்குள் மூக்கை விட்டு, அடி வண்டல்வரை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கியது. ஷம்ஷாத் கரண்டியோடு துரத்தினாள், பெயர் ஒட்டிக்கொண்டது. பிள்ளை இல்லாத வீடு. குதிரையை ‘அது’ என்று யாராவது சொன்னால் மதார் சாகிப்புக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் நாமும் ‘அவள்’ என்றே வைத்துக்கொள்வோம்.

வீட்டை ஒட்டிக் கிடந்த காலி மனையில் தகரம் போட்டு அவளைக் கட்டியிருந்தார். மனைக்குப் பாத்தியதைப்பட்டவர்கள் அண்ணன் தம்பிகள். கோர்ட்டில் அடித்துக்கொண்டிருந்தவரை சர்பத்துக்குக் கவலையில்லை. போன வருஷம் அவர்கள் திடீரென்று சமாதானமாகிவிட்டார்கள். அடுக்குமாடி கட்ட ஆள் வந்து, மண்ணைச் சோதித்து, கயிறு பிடித்து அளந்தார்கள். அஸ்திவாரம் தோண்டுவதற்குள் குதிரை போயாக வேண்டும் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அதில் குறையில்லை.

விற்றுவிடலாம் என்று தரகர் ஒருவர் இரண்டு முறை வந்து போனார். விற்ற குதிரை கைமாறிக் கைமாறி எங்கே போய்ச் சேரும் என்று மதார் சாகிப்புக்குத் தெரியும். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, முதுகெலும்பு துருத்திக்கொண்டு குப்பையைக் கிளறும் குதிரைகளை அவர் ஆட்டோவில் போகும்போதெல்லாம் பார்க்கிறார். ஒரு காலத்தில் அவையும் மாலை போட்டுக்கொண்டு போனவைதான். “எடம் கெடைக்கலன்னா நம்ப ஹால்ல கட்டுங்க, நான் சமையக்கட்டுல படுத்துக்கறேன்” என்றாள் ஷம்ஷாத். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மற்றவர்களுடைய குதிரைகளை வாடகைக்கு வைத்துப் பார்த்துக்கொள்ளும் லாயங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கின்றன என்று யாரோ சொல்ல, ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தார். அங்கே குதிரைக்கு மின்விசிறி ஓடியது, காலடியில் மரத்தூள் மெத்தை இருந்தது. சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கேரட்டோடு வந்து, கழுத்தைக் கட்டிப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பிப் போவார்களாம். மேலாளர் பையன் மரியாதையாக “என்ன பிரீட் சார்?” என்று கேட்டான். “கல்யாணக் குதிரை” என்றார் இவர். பையன் அதை எழுதிக்கொள்வதா வேண்டாமா என்று விழித்தான். வாடகையைச் சொன்னதும் மதார் சாகிப், அவர்கள் கொடுத்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். ஆனால் பொறாமையில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கேரட் கொண்டு வருகிறவனோ, கொள்ளு கொண்டு வருகிறவனோ, குதிரையை இன்னொருவன் இடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவனுக்கு வயிற்றில் இருக்கிற பயம் ஒன்றுதான். நான் இல்லாத நேரத்தில் இவளை யார் பார்ப்பார்கள் என்பதுதான் அது.

அதற்குப் பிறகு இந்தப் பக்கமே தேடினார். தேடுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் தடவை குதிரையைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார். போனதும் குந்தி உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை அழுத்திப் பார்ப்பார்; ஈரம் ஒட்டினால் குளம்பு அழுகும். தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளித் தானே ஒரு வாய் குடிப்பார். சாணத்தைக் குச்சியால் உடைத்துப் பார்ப்பார். கடைசியாக, லாயத்து ஆள் உள்ளே வரும்போது அங்கே கட்டியிருக்கும் குதிரைகள் காதை முன்னால் நீட்டுகின்றனவா, பின்னால் மடக்குகின்றனவா என்று கவனிப்பார். காது மடங்கினால் அங்கே அடி விழுகிறது என்று அர்த்தம். லாயக்காரன் ஆயிரம் பேசலாம், குதிரையின் காது பொய் பேசாது என்பது அவர் கட்சி.

கொடுங்கையூரில் மாட்டுக்கொட்டகையில் ஓர் ஓரம் தருவதாகச் சொன்னார்கள். காற்று திரும்பியதும் குப்பைமேட்டுப் புகை வந்து கண்ணைக் கரித்தது. மாட்டுச் சாணத்தில் பிளாஸ்டிக் பை நீளமாகத் தொங்கியது. மணலியில் லாரி ஷெட் வைத்திருந்த ஒருவர் தாராளமாகத்தான் இடம் காட்டினார். டேங்கர்கள் போய் வரும் சாலைக்கும் லாயத்துக்கும் நடுவில் ஒரு சாக்குப் படுதாதான் மறைப்பு. முகத்துவாரக்குப்பத்தில், பழைய சிநேகிதர் பரசுராமன் தன் வலை பின்னும் கொட்டகையைச் சும்மாவே கொடுக்க வந்தார். காற்றும் மணலும் நிழலும் பிரமாதம். மதார் சாகிப் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கடல் மண்ணைத் தாண்டிக் கிணற்றுக்குள் வந்துவிட்டிருந்தது. “நாங்கோ இத்தத்தான் குட்ச்சிகினு கீறோம், உன் மகாராணிக்கு ஆவாதா மாமு?” என்றார் பரசுராமன். கேலிதான், ஆனாலும் அதில் கொஞ்சம் வலி இருந்தது.

அப்படி அலைந்து, சலித்து, கடைசியில் திருவொற்றியூரில் நோயல் வீட்டு லாயத்துக்கு வந்து சேர்ந்தார்.

நோயல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய கிடங்கு ஒன்றின் வளாகத்தில், இரண்டு கிழட்டுக் குதிரைகளோடு வாழ்ந்துகொண்டிருந்தார். பெண்டாட்டி போன பிறகு அந்தக் குதிரைகளிடம்தான் பேச்சு. வளாகத்தில் புங்கமரம் நின்றது. கிணறு உள்ளே தள்ளி இருந்ததால் தண்ணீரில் உப்பு இல்லை. தரையில் கடப்பாக்கல் பாவி, தண்ணீர் வடிய வாட்டம் வைத்திருந்தார்கள், உலர்ந்து கிடந்தது. கல் கொஞ்சம் கடினம்தான், வைக்கோல் போட்டால் சரியாகிவிடும். நோயல் வாளியோடு வந்தபோது இரண்டு குதிரைகளும் காதை முன்னால் நீட்டி, ஒன்று கனைக்கவும் செய்தது. மதார் சாகிப் அப்போதே மனதுக்குள் கயிற்றைக் கட்டிவிட்டார்.

நோயல் நேர்மையான மனுஷர். குறையை அவரே எடுத்துச் சொன்னார்.

“பாய், ஒன்னு சொல்லிட்றேன். இது சுடுகாட்டுக்குப் போற ரோடு. மத்தியானம் ஆச்சின்னா சாவு மேளம் வந்துகினே இருக்கும். குதிர வுட்டவங்க ரெண்டு பேரு மெரளுதுன்னு இட்டுகினு பூட்டாங்க. என்து ரெண்டும் செவுடு, அதனால தூங்கிகினு கீது.”

மதார் சாகிப் வாய்விட்டுச் சிரித்தார். “நோயலண்ணா, எம் பொண்ணு மேளத்துலயே வளந்தவ. வெடி வெச்சாலும் மெரள மாட்டா. வுட்டா ஆடுவா.”

அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவரால் மறக்க முடியவில்லை.

சர்பத்துக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர் அவரேதான். மேளம் அடிக்கும்போது மூங்கில் குச்சியால் முன்முட்டியில் தட்டித் தட்டி, காலைத் தூக்கினால் வெல்லம் கொடுத்துப் பழக்கினார். வெல்லம் வேலை செய்யாத நாட்களில் குச்சி கொஞ்சம் வேகமாகவே விழுந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. எல்லாவற்றையும்விடக் கஷ்டப்பட்டுப் பழக்கியது ஒன்று உண்டு. மாப்பிள்ளைக் குதிரை ஊர்வலத்தின் நடுவே ஆட்டத்தை நிறுத்திவிட்டால் பெண் வீட்டார் முகம் கறுத்துவிடும். அபசகுனம் என்று கிழவிகள் வாயைப் பொத்துவார்கள். குதிரைக்காரனை அடுத்த கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். அதனால், மேளம் ஓய்ந்தாலும் சரி, களைத்தாலும் சரி, எஜமான் அவள் கழுத்தில் கை வைத்து, போதும் என்ற அர்த்தத்தில் “பஸ்” என்று சொல்லும்வரை நிறுத்தக்கூடாது என்று அவளுக்குள் ஆழமாக இறக்கிவிட்டிருந்தார். சர்பத் அதில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மத்தியில் அவருக்கு இருந்த பெயரே அதுதான்.

அவள் நோயல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மதார் சாகிப் போய்க் கொள்ளு வைத்து, தேய்த்துவிட்டு வருவார். மத்தியானம் ஷேர் ஆட்டோ. மாலையில் மறுபடி ஒரு நடை. “நேத்து சோக்கா ஆடுச்சு பாய் உன் பொண்ணு” என்று நோயல் சொல்லும்போதெல்லாம் அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். முகூர்த்தம் இல்லாத மாதத்திலும் அவளுக்குப் பழக்கம் விடாமல் இருக்கிறதே என்று, அதையும் அந்த இடத்தின் நல்ல குணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். வடசென்னையில் கல்யாணத்துக்கு அடிக்கிற அதே பையன்கள்தான் சாவுக்கும் அடிக்கிறார்கள். அதே டிரம், அதே கைகள். குதிரைக்கு என்ன தெரியும், எதில் அழுகிறார்கள், எதில் சிரிக்கிறார்கள் என்று.

வெயில் ஏறஏற சர்பத் இளைத்தாள். விலா எலும்பு தெரிந்தது. மாலையில் போனால் உடம்பில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருக்கும். கொள்ளில் புழு இருக்கிறதா என்று பார்த்தார். கோதுமைத் தவிட்டைக் கூட்டினார். லாடம் அடிக்கிறவரை அழைத்து வந்து நான்கு காலுக்கும் புதிதாக அடிக்கச் சொன்னார். போட்ட கொஞ்ச நாளிலேயே முன்னங்கால் லாடங்கள் தேய்ந்து பளபளத்தன. மேளம் போகும் நேரத்துக்கு மட்டும் கால் தூக்குகிற குதிரைக்கு லாடம் இப்படியா தேயும்? ஷம்ஷாத்திடம் நோயலைப் பற்றி ஒரு வார்த்தை சந்தேகமாகச் சொல்லியும்விட்டார்.

“நோயலண்ணன் நம்ப புள்ளய வேற யாருக்காச்சும் ஓட்டக் குடுக்குறாரோ இன்னாவோ.”

“நீங்க ஒரு நாளு மத்தியானத்துல போய்ப் பாருங்களேன்” என்றாள் ஷம்ஷாத். “வாயால சொல்லி மனுசன நோவடிக்காதீங்க.”

மறுநாள் ஆட்டோவை வளாகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, சர்பத்தின் கண்ணில் படாமல் கிடங்கின் பின்சுவர் ஓரமாக உட்கார்ந்தார். திருடனைப் பிடிக்க வந்தவர் மாதிரி.

தூரத்தில் மேளம் கேட்டது. சர்பத் படுத்திருந்தாள், சட்டென்று எழுந்தாள். கழுத்தை வளைத்தாள், வாலைத் தூக்கினாள். முன்னங்காலை உயர்த்திக் கல்தரையில் வைத்தாள், மறுகாலை உயர்த்தி வைத்தாள். வைக்கோல் இரு பக்கமும் விலகிப்போய் அவள் காலுக்கடியில் வெறும் கல் கிடந்தது. தெருவில் பூப்பல்லக்கு போயிற்று, பட்டாசு வெடித்தது, சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிய பையன்கள் ஆடிக்கொண்டு போனார்கள். ஒருவன் கேட்டின் இடுக்கு வழியாக அவளைப் பார்த்து விசில் அடித்தான். அவள் முதுகில் யாரும் இல்லை. தலையில் குஞ்சமும் இல்லை. தலையை ஆட்டி ஆட்டி, சுவரைப் பார்த்து, முழு மாப்பிள்ளை ஊர்வலத்தையும் அவள் தனியாக நடத்திக்கொண்டிருந்தாள்.

மேளம் தேய்ந்தது. பூ உதிர்ந்த தெருவில் ஒரு குப்பை வண்டி போயிற்று. சர்பத் நிறுத்தவில்லை. வாயில் நுரை கட்டியது. ஒவ்வொரு அடிக்கும் காதை வாசல் கேட்டின் பக்கம் திருப்பினாள். மதார் சாகிப்புக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தலாம் என்று சொல்ல வேண்டியவர் வரவில்லை. இத்தனை மாதங்களும், ஒவ்வொரு சாவுக்கும், அவர் எங்கேயோ பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றுகொண்டிருக்க, இவள் கால் ஓய்ந்து விழும்வரை ஆடியிருக்கிறாள்.

ஓடிப்போய்க் கழுத்தில் கை வைத்தார். “பஸ்ம்மா, பஸ்.” அவள் நின்றாள். வலது முன்னங்காலைத் தரையில் முழுதாக ஊன்ற முடியாமல் நுனியில் தாங்கியபடி, தலையை அவர் தோளில் சாய்த்தாள்.

நோயல் தேநீரோடு வந்து நின்றார். விஷயம் தெரிந்தபோது தம்ளரைத் தரையில் வைத்துவிட்டார். “நான் சந்தோசத்துல ஆடுதுன்னு நெனச்சேன் பாய். சத்தியமா.” அவர்மேல் என்ன தப்பு? மேளம் போகும் என்று முதல் நாளே சொன்னவர் அவர். தண்ணீரை ருசி பார்த்து, மண்ணைத் தொட்டு, காதைக் கவனித்து, எல்லாம் செய்துவிட்டு, தன் கையால் அவளுக்குள் வைத்ததை மட்டும் பார்க்க மறந்தவர் மதார் சாகிப்.

கால்நடை மருத்துவர் வந்து காலைத் தடவிப் பார்த்தார். குளம்புக்கு மேலே பின்பக்கம் ஓடும் தசைநார் நைந்துவிட்டது என்றார். இனி யாரையும் சுமக்க முடியாது, அது போகட்டும். இந்தக் கால் இனிமேல் ஓய வேண்டும். ஓய்ந்தால் நொண்டிக்கொண்டாவது பல வருஷம் இருப்பாள். இப்படியே ஆடிக்கொண்டிருந்தால் ஒரு நாள் அறுந்துவிடும். அறுந்த பிறகு ஊசி போட்டுத் தூங்கவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மருத்துவர் இதைச் சொல்லும்போது சர்பத் அவர் பையை மோந்துகொண்டிருந்தாள்.

உடனே எங்கே கொண்டுபோவது? பழைய மனையில் ஆளுயரப் பள்ளம் தோண்டிக் கம்பி கட்டிவிட்டார்கள். வேறு இடம் கிடைக்கும்வரை, ஆட்டோவைப் பாதி நாள் நிறுத்திவிட்டு மத்தியானம் முழுக்க நோயல் வீட்டில் கிடந்தார். ஒரு நாள் தெருவில் இறங்கி நின்று, வந்த ஊர்வலத்திடம் கையெடுத்துக் கும்பிட்டார். “இந்தக் கேட்டத் தாண்டுற வரிக்கும் கம்முனு போங்கப்பா, உள்ள சீக்குக் குதிர கீது.” முன்னால் நின்ற பெரியவர் கோபப்படவில்லை. “எங்க நைனா போறாரு பாய்” என்றார். “கடேசிப் பயணம். கம்முனா அனுப்ப முடியும்?” இவர் ஒதுங்கி வழிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தானே.

அதனால் மேளம் கேட்கத் தொடங்கியதும் உள்ளே ஓடுவார். அவள் ஆட்டத்தை ஆரம்பித்திருப்பாள். கழுத்தில் கை வைத்து, காதோடு பேசி, ஊர்வலம் கண் மறையும்வரை பிடித்துக்கொண்டு நிற்பார். சில நாட்களில் மேளம் வருவதற்கு முன்பே அவள் காலைத் தூக்குவதைப் பார்த்தார், அப்போதும் ஓடினார். அது அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. செய்த பாவத்துக்கு ஏதோ ஒரு பரிகாரம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

நோயல்தான் புஷ்பவல்லியைப் பற்றிச் சொன்னார். மீஞ்சூர் தாண்டி, நெல்வயல்களுக்கு நடுவில், வண்டி இழுத்து ஓய்ந்த மாடுகளையும் யாரோ விட்டுப்போன கழுதைகளையும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்த பெண். மதார் சாகிப் போனார். இந்த முறை குந்தி உட்கார்ந்து தரையைத் தொடவில்லை. தண்ணீரைக் குடிக்கவில்லை. “இங்க சாவு எந்தப் பக்கமா போவும்மா?” என்றுதான் முதலில் கேட்டார்.

புஷ்பவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பைத்தியமோ என்று நினைத்திருப்பாள். பிறகு விவரம் கேட்டுவிட்டு, “சுடுகாடு ஆத்துக்கு அந்தாண்ட கீதுண்ணா. கோயில் மேளங்கூட இங்க கேக்காது” என்றாள். மதார் சாகிப் அதன் பிறகுதான் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். மண் தரை, மெத்தென்று இருந்தது. தண்ணீர் இனித்தது. புஷ்பவல்லியைக் கண்டதும் ஒற்றைக்கண் கழுதைகூடக் காதை நீட்டிக்கொண்டு வந்தது. இப்படி ஓர் இடத்தை முதலிலேயே பார்த்திருக்கக் கூடாதா என்று அவருக்குத் தன்மேல் ஆத்திரம் வந்தது.

மினி லாரியில் வைக்கோல் பரப்பிச் சர்பத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஷம்ஷாத்தும் உடன் வந்தாள். இறக்கிவிட்டுக் கிளம்பும்போது அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மறுநாளே மீண்டும் போனார். அதற்கு மறுநாளும் போனார். ரயில் ஏறி, மீஞ்சூரில் இறங்கி, வெயிலில் நடந்து. அவர் வந்தால் சர்பத் கனைப்பாள், வெல்லம் தின்பாள், அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். கால் வீக்கம் மட்டும் வற்றவே இல்லை.

ஒரு வாரம் கழித்து புஷ்பவல்லி அவரை வரப்பு ஓரமாகக் கூப்பிட்டாள். சொல்லத் தயங்கி, மண்ணைக் காலால் கீறிக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காத. நீ போன பொறவு அது ஆடுது.”

“இன்னாம்மா சொல்ற? இங்கதான் மேளமே இல்லியே.”

“மேளத்துக்கு இல்லண்ணா. நீ அந்தக் கேட்டாண்ட போனதும் ஆரம்பிக்குது. பொழுது சாயற வரிக்கும் நிறுத்தாது. நான் கை வெச்சா நிக்க மாட்டேங்குது. நடுவுல நீ ஒரு நாளு வரல பாத்தியா, அன்னிக்குக் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் படுத்துகிச்சு. நல்லா காலை நீட்டிப் படுத்துகினு கெடந்துச்சு.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஆடுனா நீ வருவேன்னு நெனச்சிகினு கீதுண்ணா.”

மதார் சாகிப் நின்ற இடத்திலேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நோயல் வீட்டில் ஒவ்வொரு மேளத்துக்கும் ஓடி ஓடிப் போய்க் கை வைத்தாரே, அதன் பலன்தான் இது என்று அவருக்கு விளங்கியது. மேளம் வருவதற்கு முன்பே சர்பத் கால் தூக்கியதும், அதற்கும் தான் ஓடியதும் கண் முன்னால் வந்தன. அடித்துப் பழக்கியது ஒரு பாடம் என்றால், கட்டிப்பிடித்துக் கற்றுக்கொடுத்தது இன்னொரு பாடமாகப் போய்விட்டது. இரண்டையும் அவள் ஒழுங்காகப் படித்திருந்தாள்.

“எத்தினி நாளு வராம இருக்கணும்?” என்று கேட்டார்.

புஷ்பவல்லி கொட்டகைப் பக்கம் திரும்பி, சர்பத்தின் வீங்கிய காலைப் பார்த்தாள்.

அன்றைக்குச் சர்பத்திடம் சொல்லிக்கொள்ளாமலே போனார். அவள் புல் கட்டில் முகம் புதைத்திருந்தபோது, கொட்டகையின் பின்பக்கமாகச் சுற்றி, வயலில் இறங்கி, வாய்க்கால் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த மீன்கூடைக்காரி “இன்னா பாய், உடம்பு சரியில்லியா?” என்று கேட்டு, தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவருக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

வீட்டில் ஷம்ஷாத் மறுநாளுக்கு வெல்லம் உடைத்துப் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். “இனிமே நான் போவல” என்றார்.

“ஏன், எடம் நல்லா இல்லியா?”

“நல்ல எடம் ஷம்ஷாத். அந்த மாரி எடம் எங்கயும் கெடைக்காது.” சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போய்விட்டார். இரவுச் சோற்றின்போது விஷயத்தைச் சொன்னார். ஷம்ஷாத் பாதித் தட்டில் கையைக் கழுவினாள்.

அதற்குப் பிறகு ஷம்ஷாத்தான் போய் வருகிறாள். அவளைக் கண்டால் சர்பத் ஆடுவதில்லை. ஷம்ஷாத் எப்போதும் அவளைத் திட்டிக்கொண்டே சோறு போட்டவள், ஆட்டத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. போய் வந்து எல்லாவற்றையும் சொல்வாள். வீக்கம் வற்றிவிட்டது. உடம்பு போட்டிருக்கிறது. ஒற்றைக்கண் கழுதையோடு சிநேகமாகிவிட்டாள், இரண்டும் ஒட்டிக்கொண்டு திரிகின்றன. மதார் சாகிப் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்பார். நல்ல செய்திதான் எல்லாம்.

போன மாதம் ஒரு மத்தியானம், ராயபுரம் ஸ்டாண்டில் ஆட்டோ நிரம்பக் காத்திருந்தபோது ஷம்ஷாத்திடமிருந்து போன் வந்தது. “தோ, பக்கத்துலதான் கீறா, தூக்கத்துல படுத்துகினு கீறா” என்று கிசுகிசுத்தாள். “போனை அவகிட்ட வெக்கிறேன். நீங்க பேசிடாதீங்க. கேட்டுக்குங்க.”

மதார் சாகிப் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, பூக்காரி யாரையோ ஏசினாள், “பாய், போலாமா?” என்று சவாரி ஒருவர் தோளைத் தட்டினார். அந்த எல்லாச் சத்தத்துக்கும் அடியில், மெதுவாக, நீளமாக மூச்சு இழுக்கும் ஓசை கேட்டது. விட்டு விட்டு, நிதானமாக, எதற்கும் அவசரமில்லாத மூச்சு. அவள் பெயர் அவருக்குத் தொண்டைவரை வந்துவிட்டது.

மதார் சாகிப் தன் உள்ளங்கையை வாய்மேல் வைத்து அழுத்திப் பொத்திக்கொண்டார்.